மளிகை லிஸ்ட் என்னும் மருத்துவ ரிப்போர்ட்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்தச் செங்கல்பட்டில் படித்து, திருக்கழுக்குன்றத்தில் கணக்கு டீச்சராக வேலை பார்த்து, ரிட்டையரான பிறகு மாமல்லபுரத்தில் குடியிருப்பவள் நான். "என்ன தலைப்பில் பேசப் போறீங்க?" என்று செயலாளர் போனில் கேட்டார். "சமையலறைக் கணக்கு" என்றேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு, "சரிங்க மேடம், சாப்பாட்டுக்கு முன்னாடியே வச்சுக்கலாம்" என்றார். நல்ல யோசனைதான். சாப்பிட்ட பிறகு இதைப் பேசினால் கேட்பவர்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்.

முன்பெல்லாம் நாம் சந்தித்தால் என்ன பேசுவோம்? வேலை, கல்யாணம், பிள்ளைகளின் மார்க். இன்று காலையில் வாசலில் நின்று கேட்டேன். "உனக்கு சுகர் எவ்வளவு?", "பி.பி. மாத்திரை எது?" இதுதான் பேச்சு. நம் செட்டில் சிலர் இன்று வரவே முடியவில்லை. ஒரு வருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். என் தாயார் சர்க்கரை நோயில் முதலில் கால் விரலையும் பிறகு கண் பார்வையையும் இழந்து, அதன் பிறகுதான் போனார்கள். என் கணவருக்கு 2011ல் சர்க்கரை என்று தெரிந்தது. அதனால் இது எனக்கு மேடைப் பேச்சு மட்டும் அல்ல, வீட்டு விஷயம்.

இது எவ்வளவு பெரிய கணக்கு என்று முதலில் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவில் நாடு முழுவதும் எடுத்த ஆய்வின் முடிவு 2023ல் வந்தது. அதன்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். நோயின் வாசற்படியில் நிற்பவர்கள், அதாவது சர்க்கரை ஏறத் தொடங்கி இன்னும் நோய் என்ற அளவுக்குப் போகாதவர்கள், சுமார் 13 கோடியே 60 லட்சம் பேர். அதே ஆய்வின் இன்னொரு பகுதி 2025ல் வெளிவந்தது. நம் நாட்டுக்காரர்கள் ஒரு நாளில் சாப்பிடும் சக்தியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று அது சொல்கிறது. சோறு, இட்லி, தோசை, சர்க்கரை போட்ட காபி. நம் தட்டைப் பார்க்காமலே யாரோ எழுதிவிட்ட மாதிரி இருக்கிறது!

வாசற்படியில் நிற்பவர்கள் திரும்பிப் போக முடியுமா? முடியும் என்று நம் சென்னையிலேயே காட்டியிருக்கிறார்கள். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் அப்படிப்பட்ட 531 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2006ல் வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்கு செய்தவர்களில் அது 39. மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் சுமார் 40. அதாவது, அந்தக் கட்டத்தில் ஒழுங்கான சமையலறை ஒரு மாத்திரைக்குச் சமம். ஒழுங்காக இருந்தும் 39 பேருக்கு வந்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பரம்பரையும் வயதும் நம் கையில் இல்லை. மீதி நம் கையில் இருக்கிறது.

"எல்லாம் தெரியும் டீச்சர், ஆனா வீட்டுல நடக்க மாட்டேங்குதே!" என்பார்கள். நடக்காததற்குக் காரணம் மனவுறுதி இல்லாமை என்று நான் நினைக்கவில்லை. எதையும் அளக்காமல், எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல், மாலை ஆறு மணிக்கு அலுத்துப்போய் அடுப்படிக்குள் நுழைந்தால், கைக்கு எது கிடைக்கிறதோ அதுதான் அன்றைய சாப்பாடு. ஆகவே முதலில் வீட்டை ஒழுங்கு செய்வோம். சாப்பாடு பின்னாலேயே வரும்.

முதல் வேலை, மளிகை நோட்டு. ரத்தப் பரிசோதனைக்கு முந்நூறு, நானூறு ரூபாய் கொடுக்கிறோம். நம் வீட்டு மளிகை லிஸ்ட்டே ஒரு மருத்துவ ரிப்போர்ட்தான், அதுவும் இலவசம். மாதக் கடைசியில் எவ்வளவு தீர்ந்தது என்று பாருங்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று போட்டிருக்கிறார்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு முப்பது நாள் என்று நான் பெருக்கி வைத்திருக்கிறேன். பேனா இருப்பவர்கள் எழுதிக்கொள்ளலாம்.

அரிசி, கோதுமை, ரவை, கேழ்வரகு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 250 கிராம். மாதத்துக்கு 30 கிலோ. பருப்பு, பயறு வகை 85 கிராம். மாதத்துக்குப் பத்து கிலோவுக்குக் கொஞ்சம் மேல். எண்ணெயும் நெய்யும் சேர்த்து 27 கிராம். மாதத்துக்குச் சுமார் மூன்றரை லிட்டர். காய்கறி, கீரை 400 கிராம். அதாவது வீட்டுக்குத் தினம் 1,600 கிராம். பழம் தினம் 400 கிராம். பால் தினம் 1,200 மில்லி. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உப்பு ஒருவருக்கு 5 கிராமுக்குள். நாலு பேருக்கு மாதம் 600 கிராம். அதுவும் ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ் இவற்றில் இருக்கும் உப்பையும் சேர்த்து! சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள். மாதம் 3 கிலோ, அதில் பிஸ்கட்டும் ஸ்வீட்டும் அடக்கம். வயதானவர்களுக்கும் உடல் உழைப்பு குறைந்தவர்களுக்கும் இந்த அளவுகள் இன்னும் குறையும்.

இப்போது உங்கள் வீட்டு லிஸ்ட்டைப் பக்கத்தில் வையுங்கள். எனக்குத் தெரிந்த வீடுகளில் பார்த்த வரையில் மூன்று விஷயம் திரும்பத் திரும்ப வரும். எண்ணெய் ஐந்து, ஆறு லிட்டர். உப்பு ஒரு கிலோ பாக்கெட் முப்பது நாள் தாங்காது, கணக்குப்படி அது ஐம்பது நாள் வரவேண்டும். பருப்போ மூன்று கிலோவைத் தாண்டாது. ஆக, எதைக் குறைக்கணும் என்று மட்டும் நாம் யோசிக்கிறோம். எதைக் கூட்டணும் என்பதும் லிஸ்ட்டிலேயே இருக்கிறது. ஒரு கை சோற்றைக் குறைத்து, ஒரு கரண்டி சுண்டலைக் கூட்டுங்கள். மீனும் முட்டையும் சாப்பிடுகிறவர்களுக்குப் பருப்புக் கணக்கில் அதைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

எண்ணெய்க்கு ஒரு சின்ன வழி. கேனிலிருந்து நேராகச் சட்டிக்கு ஊற்றாதீர்கள். திங்கட்கிழமை காலையில் அந்த வாரத்து எண்ணெயை, நாலு பேருக்கு 800 மில்லி, ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுங்கள். வியாழக்கிழமையே தீர்ந்துபோனால் பாட்டில் பேசும், நாம் பேச வேண்டாம். என் வீட்டில் வடை, பஜ்ஜி நின்றுபோகவில்லை. எப்போது என்பதைப் பாட்டில் முடிவு செய்கிறது, அவ்வளவுதான். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாது. எண்ணெய் எவ்வளவு கெட்டுப்போயிருக்கலாம் என்பதற்கு ஓட்டல்களுக்கே 2018 ஜூலையிலிருந்து சட்டப்படி ஓர் உச்சவரம்பு உண்டு. வீட்டுச் சட்டிக்கு இன்ஸ்பெக்டர் நாம்தான்.

இரண்டாவது வேலை, அலமாரி. நம் பாட்டிமார்கள் அஞ்சறைப்பெட்டி வைத்திருந்தார்களே, அதைவிடச் சிறந்த ஒழுங்கு எது? கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தால் கடுகு, சீரகம், மிளகு கிடைக்கும். அதே முறையை முழுச் சமையலறைக்கும் கொண்டுவருவதுதான் நான் சொல்வது. கண்ணுக்கு நேரே உள்ள தட்டில் பயறு, கடலை, கேழ்வரகு மாவு, வேர்க்கடலை. நாற்காலி போட்டு ஏறி எடுக்கிற மேல்தட்டில் அப்பளம், வடகம், பிஸ்கட், சர்க்கரை டின். பிடிக்காது என்பதால் அல்ல. பசியோடு வருகிற கை முதலில் எதைத் தொடும் என்பதுதான் கேள்வி. சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடி வேண்டாம், பழத்தட்டு இருக்கட்டும்.

நம் கடற்கரைப் பக்கம் இன்னொரு தொல்லை உண்டு, ஈரக்காற்று. ஐப்பசி, கார்த்திகையில் ரவையில் வண்டு, பருப்பில் பூச்சி, உப்பெல்லாம் தண்ணீர். பழையது தீருமுன் புதியதை மேலே கொட்டினால் அடியில் இருப்பது என்றைக்கும் அடியில்தான். முதலில் வந்தது முதலில் செலவாக வேண்டும். டப்பாவில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி வாங்கிய தேதியை எழுதுங்கள். வேர்க்கடலை பூசணம் பிடித்துக் கசந்தால் பொறுக்கிச் சாப்பிடாதீர்கள், முழுதாகக் கொட்டிவிடுங்கள். அந்தப் பூசணத்தின் நச்சு ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது.

ஒழுங்கு என்பது அழகுக்காக அல்ல என்று எனக்குப் புரியவைத்தது ஒரு புயல். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் எங்கள் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தான் கரை கடந்தது. கரண்ட் இல்லை, ஃபிரிட்ஜ் ஓடவில்லை, கடை திறக்கவில்லை. என் கணவர் அப்போது இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார். இன்சுலின் போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். அது ஏறுவதைவிட அவசரமான ஆபத்து. இருட்டில் டார்ச்சைத் தேடவில்லை, அது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. பயன்பாட்டில் இருந்த இன்சுலின் குப்பி சில வாரம் வெயில் படாத குளிர்ந்த இடத்தில் இருக்கலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மூடிய டப்பாவில் போட்டு, மண்பானைப் பக்கத்தில் வைத்தேன். அவல், பொட்டுக்கடலை, வேர்க்கடலை, குளுக்கோஸ் பொட்டலம் எல்லாம் ஒரே தட்டில். விடிகிற வரை காற்று கத்தியது. அவர் நேரத்துக்குச் சாப்பிட்டார், நேரத்துக்குத் தூங்கினார். அன்றைக்கு அந்த ஒரு தட்டின் விலை எனக்குத் தெரிந்தது.

மூன்றாவது, நம் ஊரில் கிடைப்பதைத் தெரிந்து வாங்குவது. கூடையில் மீன் கொண்டுவரும் அம்மா ஒருவர் வாரம் இரண்டு நாள் எங்கள் தெருவுக்கு வருவார். ஒரு நாள் நான் வஞ்சிரம் கேட்டேன். "வஞ்சிரம் இன்னாத்துக்கு டீச்சரம்மா? கவலை வாங்கிக்கோ, இன்னிக்கு எறங்கினது. கவலை துன்னா கவலையே இருக்காது" என்றார். மத்தி மீனைத்தான் எங்கள் கடற்கரையில் கவலை என்போம். அந்த அம்மா சொன்னது சரி. இதயத்துக்கு நல்லது என்று மாத்திரையாக விற்கும் ஒமேகா-3 கொழுப்பு கவலையில் தாராளமாக இருக்கிறது. நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் சுண்ணாம்புச்சத்தும் சேரும். குழம்பு வைத்தால் நல்லது, தினம் வறுத்தால் பாட்டில் பேசும்! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் விலை ஏறும். அந்த நாட்களுக்கு முட்டையையும் பயறையும் முன்கூட்டியே லிஸ்ட்டில் ஏற்றிவிடுங்கள். கருவாடு சாப்பிடுகிறவர்கள் ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள். பி.பி. இருந்தால் அதையும் எப்போதாவது என்று வையுங்கள்.

தினம் 1,600 கிராம் காய்க்கு எங்கே போவது என்பீர்கள். முருங்கைக்கீரை, அரைக்கீரை, வாழைத்தண்டு, பூசணி, சுரை, கொத்தவரை. விலை குறைவான காய்களைக் கொண்டே கணக்கை முடிக்கலாம். இங்கிலீஷ் காய் இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. பழம் என்றால் ஆப்பிள் என்று யார் சொன்னது? கொய்யா இருக்கிறதே.

அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. இது ஏரிப்பாசன மாவட்டம். செங்கல்பட்டு சிறுமணி என்று நம் ஊர்ப் பேரிலேயே ஒரு பாரம்பரிய நெல் உண்டு. சோற்றை விட்டுவிடுங்கள் என்று நான் சொன்னால் ஏரியே சிரிக்கும். ஆனால் நெல்லை எப்படிப் பதப்படுத்துகிறோம் என்பதில் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1918ல் குன்னூரில் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிசன் என்ற டாக்டர் பெரிபெரி நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களின் சாப்பாட்டையும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமை, பால், பருப்பு, காய்கறி என்ற வடக்கத்திச் சாப்பாட்டில் எலிகள் நன்றாக வளர்ந்தன. நம் சென்னை ராஜதானிச் சாப்பாட்டில் வளர்ந்தவை நோஞ்சானாக இருந்தன. தீட்டிய அரிசிதான் முக்கால் தட்டு, பாலும் பருப்பும் காயும் பெயருக்கு! அந்த அறைதான் வளர்ந்து, 1958ல் ஹைதராபாத் போய், நான் முன்பு சொன்ன தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. நெல்லை அவித்துக் காயவைக்கும்போது தவிட்டில் உள்ள பி1 சத்து அரிசிக்குள் இறங்குகிறது. அதனால் புழுங்கலரிசி பச்சரிசியைவிட ஒரு படி மேல். அதிகம் தீட்டாத அரிசி இன்னும் மேல்.

கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு, அரிசியில் பத்தை ஒட்டித்தான். அதனால் கேழ்வரகு நல்லது. ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். "கூழ்தானே" என்று இரண்டு சொம்பு குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அளவு அதற்கும் உண்டு.

நாலாவது விஷயம், கொஞ்சம் கசப்பானது. ஆண்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால், அவருக்குத் தனிச் சமையல், பிள்ளைகளுக்குத் தனி, மாமியாருக்குத் தனி என்று மூன்று அடுப்பு எரிகிறது. எரிவது ஒரு பெண். கடைசியில் அவள் சட்டியில் ஒட்டியதை வழித்துச் சாப்பிடுகிறாள். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை. வீட்டுக்கெல்லாம் சமைக்கிற கைக்கே ரத்தம் இல்லை. ஆகவே வீட்டுக்கு ஒரே சமையல் போதும். சர்க்கரை நோயாளிக்கு நல்ல சாப்பாடு எல்லோருக்குமே நல்ல சாப்பாடுதான். வளரும் பிள்ளைக்குச் சோறும் நெய்யும் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் வித்தியாசம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் தனி. கீரை, பழம், பருப்பு எல்லாவற்றுக்கும் டாக்டர் சொல்லும் அளவுதான். "லோ சோடியம்" உப்பில் பொட்டாசியம் இருக்கிறது, அது அவர்களுக்கு ஆபத்து.

வேலையையும் பிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலை என் கணவர் கீரை ஆய்வார், பையன் பயறு ஊறவைப்பான், நான் ஏழு நாள் பட்டியலை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவேன். ஒரு மணி நேரம் ஆகும். வாரம் பூராவும் "இன்னிக்கு என்ன குழம்பு?" என்ற கேள்வி இல்லை. ரிட்டையரான முதல் மாதம் "எனக்கு என்ன தெரியும் அதெல்லாம்?" என்றவர், இன்று பூண்டு உரிப்பதில் எனக்கே பாடம் எடுக்கிறார்.

உங்களுக்கு முடிவையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு நோய் போய்விடவில்லை. மருந்தும் நிற்கவில்லை. அப்படி யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஆனால் கண்ணும் காலும் நன்றாக இருக்கின்றன. தினம் காலையில் கடற்கரை வரை நடந்து போய் வருகிறார். என் தாயாருக்குக் கிடைக்காதது இது.

கடைசியாக, மாணவச் செல்வங்களுக்கு. உங்களில் பலர் காலையில் வெறும் டீயோடு மின்சார ரயில் ஏறுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பதினொரு மணிக்குப் பசி தாங்காமல் பப்ஸும் கூல்டிரிங்கும். முதல் நாள் இரவே ஒரு டப்பாவில் இரண்டு வாழைப்பழம், ஒரு கை வேர்க்கடலை, அவித்த முட்டை அல்லது சுண்டல் எடுத்து வையுங்கள். அதற்கு அம்மாவை எழுப்ப வேண்டாம். பாக்கெட் வாங்கினால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சர்க்கரை எத்தனை கிராம் என்று இருக்கும். ஐந்தால் வகுத்தால் எத்தனை டீஸ்பூன் என்று தெரிந்துவிடும். கணக்கு டீச்சர் கொடுக்கும் கடைசி வீட்டுப்பாடம் இது.

முன்னாள் மாணவர்களாகிய நமக்கும் ஒரு வேண்டுகோள். முப்பது வயதைத் தாண்டியவர்கள் வருடம் ஒரு முறை சர்க்கரையும் பி.பி.யும் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். அடுத்த சந்திப்புக்கு வரும்போது போன மாத மளிகை லிஸ்ட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். இந்த ஹாலில் ஒரு மூலையில் மேஜை போட்டு நான் உட்காருகிறேன். கூட்டிக் கழித்துப் பார்ப்போம். பாஸ், ஃபெயில் எல்லாம் கிடையாது.

இன்றைய மதியச் சாப்பாட்டில் பாயசம் உண்டு என்று சமையல்கட்டிலிருந்து தகவல் வந்திருக்கிறது. சாப்பிடுங்கள், வருடத்துக்கு ஒரு முறைதானே! இரண்டாவது டம்ளர் கேட்கும்போது மட்டும் என்னை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.